பதினேழு மில்லிவோல்ட்

சென்ற மாதம் நம் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேரில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "சார், எலக்ட்ரோடு ரூமுக்குள்ள மட்டும் பென்சிலும் ரப்பரும் கொண்டுபோகக் கூடாதுங்குறாங்களே, அது எந்த விதியில சார் இருக்கு?"

"ஆடிட்டுக்காகம்மா," என்றேன்.

அது பொய். எந்தத் தணிக்கைக்காரரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த அறையில் அழிரப்பர் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். திருப்பரங்குன்றத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் ஒரு நிமிடத்தில் ஒரு பொய் தயாராக வாயில் வந்துவிட்டது.

அன்று இன்னொன்றையும் பார்த்தேன். தாங்கியில் மூன்று ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுகள் நின்றன. அளவீடு நடந்துகொண்டிருந்தது. இரண்டில் மேல்மூடி மூடியே இருந்தது. நான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. "பெரியவர் எதையோ நோண்டுகிறார்" என்று நினைத்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பொறுப்பாளர் கேட்டார். முப்பத்து நான்கு வருட வேலையில் சொல்வதற்குப் பல இருக்கும் என்று அவர் நினைக்கிறார். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது.

அதற்கு முன், உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தெரிந்ததுதான் நம்மைக் கவிழ்க்கிறது.

ஒரு எலக்ட்ரோடின் மின்னழுத்தம் என்று தனியாக ஒன்றை யாராலும் அளக்க முடியாது. திருப்பரங்குன்றம் மலை எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டால், எங்கிருந்து என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கோயில் வாசலிலிருந்தா, தண்டவாளத்திலிருந்தா? நாம் தண்ணீருக்குள் இரண்டு கம்பிகளை விடுகிறோம். ஒன்று ஃபுளோரைடை உணர்கிறது. மற்றது எதையும் உணராமல், அசையாமல் நிற்க வேண்டியது. அதுதான் ரெஃபரன்ஸ். மீட்டர் காட்டுவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும். நீங்கள் நிற்கிற தரை இறங்கிவிட்டால் மலை வளர்ந்துவிட்டதுபோலத் தெரியும். ஆனால் யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. எல்லோரும் மலையைத்தான் பார்க்கிறோம்.

ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. அது அடியில் உள்ள நுண்துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தால்தான் அந்தத் தரை நிலையாக இருக்கும். கசிய வேண்டுமானால் மேலே காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். இளநீர் குடிக்கும் குழாயின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே இருப்பது இறங்காது அல்லவா, அவ்வளவுதான். அளக்கும்போது மூடியைத் திற, முடிந்ததும் மூடு. இதற்குப் பட்டம் தேவையில்லை. என்னிடம் இரண்டு பட்டங்கள் இருந்தன.

இது நடந்து ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கோடை. ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது தலைமை வேதியியலாளராக ஓர் அம்மையார் இருந்தார். பெயர் எழுதப்போவதில்லை, எல்லோருக்கும் அவர் மேடம். மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு வந்தவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்று அவர் உறவில் ஒரு சாவு என்று திண்டுக்கல் போயிருந்தார். கையெழுத்துப் போடும் அதிகாரத்தை என்னிடம் விட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் அங்கீகாரத் தணிக்கை வேறு. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி.

மேசையில் இருபத்து மூன்று பாட்டில்கள். காலையிலேயே ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த கரைசல், வைத்து மீட்டரைச் சரிபார்த்தாயிற்று. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசலுக்குத் தொண்ணூற்றெட்டு மில்லிவோல்ட். பத்து சாம்பிளுக்கு ஒரு முறை மறுபடி சரிபார்க்க வேண்டும். பத்தாவதுக்குப் பிறகு பார்த்தேன்: தொண்ணூற்றெட்டு. பன்னிரண்டாவது முடிந்தபோது மின்சாரம் போயிற்று.

நான் சிக்கனக்காரன். அந்த வெயிலில் கரைசல் ஆவியாகி உப்புக் கட்டுமே என்று ரெஃபரன்ஸின் மூடியை மூடினேன். நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. விசிறி சுற்றியது, மீட்டர் எரிந்தது, நான் உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கவில்லை. மின்சாரம் போய் வந்தால் ஸ்டாண்டர்டை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் விதி. அதையும் பார்க்கவில்லை.

காரணம், பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது பாட்டில்களுக்கு உரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெயர் செல்லப்பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர். விவசாயம் பார்ப்பவர், ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடும் வேலையும் அவருக்குத்தான். முப்பது வயதுக்குள். அவர்கள் ஊரில் பழைய போர் வற்றிவிட்டது. பள்ளிக்கூடத்தை ஒட்டிப் புதிதாக ஒரு ஆழ்துளை போட்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாந்தோப்பில் ஒரு கிணறும் இருந்தது. கிணற்றுக்காரர் தண்ணீர் தரச் சம்மதித்துவிட்டார். குழாயும் மோட்டாரும் ஒரு இடத்துக்குப் போடும் அளவுக்குத்தான் வந்திருந்தன. பக்கத்திலேயே இருக்கும் போருக்கா, தூரத்துக் கிணற்றுக்கா? எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம் காகிதம் சொல்ல வேண்டும். மோட்டார் இறக்குகிறவர்கள் மறுநாள் காலை வருவதாக இருந்தது.

கிணற்றுத் தண்ணீர் பன்னிரண்டாவது. மின்சாரம் போவதற்கு முன் அளந்தது. லிட்டருக்கு 0.8. நல்ல தண்ணீர். போர்த் தண்ணீர் பதின்மூன்றாவது.

அறைக்குள் வெளியாட்களை விடக்கூடாது. கதவருகே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார் அவர்.

"தண்ணிக்கு ஜாதகம் பாக்குற மாதிரில்லண்ணே இருக்கு."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"மூணு அம்பதுக்கு ஆரப்பாளையத்துல. அத விட்டா அஞ்சரைக்குத்தான். நீங்க மெதுவாப் பாருங்கண்ணே. தலைவரு தான் போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்காரு."

மீட்டரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று இரண்டு.

"எறங்குதே, எறங்குனா நல்லதா கெட்டதா?"

"இறங்க இறங்க ஃபுளோரைடு கூடுதல்னு அர்த்தம். பல்லுல கறை விழும், எலும்பும் கெடும். குழந்தைகளுக்கு ஆகாது."

"ஆத்தாடி!" என்றார். "அப்ப நிப்பாட்டுங்கண்ணே. அங்கனயே நிப்பாட்டுங்க. வீட்ல ஆறு மாசம். தூக்க முடியாமத் தூக்கி எம்புட்டுக் கொடம்தான் சொமப்பா? பள்ளிக்கூடத்துப் போருன்னா எங்க வாசலுக்கு எதுத்தாப்புல."

இரண்டு பேரும் சிரித்தோம். எண் எண்பத்தொன்பதில் இருந்தது. இன்னும் முழுதாக நிற்கவில்லை. கடைசி இலக்கம் மினுக்கிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்பது என்றால் 1.4. எண்பத்தெட்டுக்கு இறங்கினால் 1.5, அதுதான் குடிநீருக்கு அனுமதிக்கப்படும் மேல் வரம்பு. வரம்பைத் தொட்டால் ஸ்டாண்டர்டை வைத்து மறுபடி அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். மணி மூன்று ஐந்து.

அவர்கள் ஊரின் பழைய போரை நான்தான் இரண்டு வருடம் முன்பு அளந்திருந்தேன். 1.3. அந்த எண் என் தலையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து நிலம்தானே, 1.4 சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மீட்டரின் பொத்தானை அழுத்தி எண்ணை நிறுத்தினேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எண்ணைத் திருத்தவில்லை. இறங்கிக்கொண்டிருந்த எண்ணில் எனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நம் தொழிலில் இதற்கு யாரும் பொய் என்று பெயர் வைப்பதில்லை.

அறிக்கையைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். இரண்டு தண்ணீரும் குடிக்கத் தகுந்தவை. செல்லப்பாண்டி காகிதத்தை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டுமே நல்லதுன்னா பக்கத்துல இருக்கறதத்தானண்ணே போடுவாய்ங்க. எம் பொண்டாட்டி ஒங்களுக்குக் கோயில் கட்டுவா. வாரேண்ணே."

மணி மூன்று முப்பத்தெட்டு.

இருபதாவது சாம்பிளுக்குப் பிறகு ஸ்டாண்டர்டை வைத்தேன். தொண்ணூற்றெட்டு வர வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினைந்து வந்தது.

பதினேழு அதிகம். டார்ச் விளக்கின் ஒரு செல்லை எண்பத்தெட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு. கையில் வைத்தால் ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட உறைக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் செய்வதைத்தான். ஃபுளோரைடு எலக்ட்ரோடைச் சந்தேகப்பட்டேன். கழுவினேன். பற்பசை தொட்டு அதன் முனையில் உள்ள படிகத்தை வட்ட வட்டமாகத் தேய்த்தேன். அதற்கு அதுதான் வைத்தியம். மறுபடி நூற்றுப் பதினைந்து. மறுபடி தேய்த்தேன். இப்படி இருபத்தைந்து நிமிடம் போயிற்று. உணர்கிறதைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறோம். அசையாமல் நிற்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. கடைசியில் கையைத் துடைக்கத் துணியை எடுக்கும்போதுதான் ரெஃபரன்ஸின் மூடி கண்ணில் பட்டது.

திறந்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். தொண்ணூற்றெட்டு.

பதின்மூன்று முதல் இருபது வரை எட்டையும் மறுபடி அளந்தேன். ஏழு சாம்பிள்களில் எண் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. அவற்றின் அறிக்கைகளும் இன்னும் வெளியே போகவில்லை. பதின்மூன்றாவது மட்டும் எழுபத்திரண்டில் போய் நின்றது. 2.7. மூன்று முறை பார்த்தேன். 2.7, 2.7, 2.6.

மணி ஐந்து நாற்பது. வெளியே நல்ல வெயில் இன்னும் இருந்தது. மறுநாள் காலை மோட்டார் இறக்குவார்கள். என் முன்னால் விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் செல்லப்பாண்டியின் கைப்பேசி எண் இருந்தது. தெளிவாக, பத்து இலக்கம், குண்டு குண்டாக எழுதியிருந்தார்.

ஒன்பது இலக்கங்களை அழுத்தினேன்.

பத்தாவதை அழுத்தவில்லை. ஏன் என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தணிக்கை என்று ஒரு காரணம். மேடம் ஊரில் இல்லாமல், நான் கையெழுத்திட்ட அறிக்கையை நானே தப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒரு காரணம். புது சாம்பிள் வாங்கி உறுதி செய்துகொண்டு சொல்வதுதான் முறை என்று ஒரு காரணம். இதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் இது கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாகத் தெரிகிற காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் போனைக் கீழே வைத்துவிடுகிறான். நானும் வைத்தேன்.

மறு அளவீடுகளைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன். அதுவரை என் எண்களை நான் பென்சிலால் எழுதியதே இல்லை.

சனிக்கிழமை ஆய்வகம் விடுமுறை. ஞாயிறும். வீட்டில் இருந்தேன். போன் மேசை மேல் கிடந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போய், பென்சிலில் இருந்ததை அழிரப்பரால் அழித்தேன். அதே இடத்தில் திங்கட்கிழமைத் தேதியிட்டு அதே எண்களைப் பேனாவால் எழுதினேன். ஒன்பதரைக்கு மேடம் வந்தார். சொன்னேன். மூடியைப் பற்றிச் சொன்னேன், 2.7 பற்றிச் சொன்னேன்.

"எப்பத் தெரிஞ்சது?"

"இன்னைக்குக் காலைல மேடம். ஸ்டாண்டர்டு வெச்சப்போ."

"வெள்ளிக்கிழமை இருபதாவதுக்கு அப்புறம் வைக்கலையா?"

"விட்டுப்போச்சு மேடம்."

பெரிய தவற்றை மறைக்கச் சிறிய தவற்றை ஒப்புக்கொண்டேன். நல்லவன்போல் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் குறிப்பேட்டை வாங்கினார். பக்கத்தைப் படித்தார். பிறகு அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். தாள் அங்கே மெலிந்து, இழை எழும்பியிருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புது ரிப்போர்ட் டைப் பண்ணுங்க," என்றார். "நான் சைன் பண்றேன். போஸ்ட்ல வேண்டாம். நீங்களே நேர்ல போய்க் குடுங்க. இப்பவே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்து அந்த ஊருக்குப் போனபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே புது மோட்டார் அறை. குழாய் பதித்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. குழாயடியில் நிறையக் குடங்கள். மோட்டார் அறைக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நான்கு ஆணி அடித்து ஒரு காகிதம் தொங்கியது. என் கையெழுத்து.

ஊராட்சித் தலைவரைக் கூட்டிவந்தார்கள். அவருடன் ஏழெட்டுப் பேர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ஏன் சார், வெள்ளிக்கெழம நல்லாருந்த தண்ணி திங்கக்கெழம கெட்டுப்போச்சா? தண்ணியா பாலா அது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லங்க. தண்ணி மாறல. எங்க கருவியில தவறு."

"அப்ப இன்னைக்குக் கருவி சரியா இருந்துச்சுன்னு எப்புடித் தெரியும்? நாளைக்கி வந்து அதுவும் தப்புன்னா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாப்ள, மேக்காலத் தெருக்காரய்ங்க சாரக் கவனிச்சுட்டாய்ங்க போல. அவய்ங்களுக்குத் தான கெணத்துத் தண்ணி வேணும்."

தலைவர் அந்தக் குரலைக் கையமர்த்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். புது அறிக்கையை இரண்டு முறை படித்தார். "சார், ஒண்ணு சொல்லவா? சனிக்கெழம காலைல வந்திருந்தீகன்னா மோட்டாரே எறக்கிருக்க மாட்டோம். வண்டி எட்டு மணி வரைக்கும் இந்தா இங்கனதான் நின்னுச்சு. இப்பக் குழாயப் புடுங்கிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் போன்னா யாரு போவா? மேல எழுதித்தான் போடணும். எழுதறேன்."

எழுதினார். மேடமும் ஆய்வகத்திலிருந்து இரண்டு கடிதம் எழுதினார். எழுதியவை எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்தன.

செல்லப்பாண்டி பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் தெரிந்ததும் கேட்டார்: "காய்ச்சிக் குடிச்சா போயிருமாண்ணே?"

"போகாது. காய்ச்சினா இன்னும் கூடும். உங்க வீட்டுக்கு மட்டுமாவது கிணத்துத் தண்ணிய எடுத்துக்கங்க. பிறக்கப்போற குழந்தைக்கும் அதையே குடுங்க. ஏழெட்டு வயசு வரைக்கும்."

"எடுத்துருவோம்ண்ணே," என்றார். "சைக்கிள்ல ரெண்டு கொடம் கட்டிக் கொண்டாந்துருவேன்."

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனபோது எலக்ட்ரோடு அறைக் கதவில் மேடம் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்த அறைக்குள் பென்சிலும் அழிரப்பரும் கூடாது. எண்களைப் பேனாவால் மட்டும் எழுதவும். தவறானால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதவும்.

என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, நான் ஓய்வு பெற்ற நாளிலும் இல்லை. தெரிந்துதான் எழுதினார் என்று நம்புகிறேன். நானாகவே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். எவ்வளவோ நாள் அவர் மேசை வரை போயிருக்கிறேன். போய், வேறு ஏதாவது கேட்டுவிட்டு வருவேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன்.

உங்களில் ஒருவரிடம் நான் ஆடிட் என்று சொன்னேனே, அந்தத் தாள்தான் அது. இப்போது அச்சடித்த பலகையாக மாறியிருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உங்களைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம், கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பெரியாஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒருவர் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார்.

"அண்ணே, தண்ணி டெஸ்டு அண்ணன் தான? நான் செல்லப்பாண்டிண்ணே."

தலையில் பாதி நரைத்திருந்தது. நாற்பதுகூட ஆகியிருக்காது.

"இது ஆரு தெரியுதா? அப்ப வயித்துக்குள்ள இருந்தவ. நாலாப்பு போறா. பல்லு காட்ட வந்தோம்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ரெட்டைச் சடை. சீருடைதான் போட்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னாங்க?"

"வெளுக்க வெக்கலாமாம், ஆனா முழுசாப் போகாதாம். கூடப் படிக்கிற பிள்ளைக கேலி பண்ணுதுகன்னு வாயத் தொறந்து பேச மாட்டேங்குறா." பிறகு, அவளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார். "கெணத்துத் தண்ணி எடுத்தேன்ணே. ஒரு வருசம் ஒழுங்கா எடுத்தேன். அப்புறம் தோப்புக்காரரு வீட்டுப் பாகப்பிரிவினையில கெணத்த அடைச்சுப்புட்டாய்ங்க. கூட்டுக் குடிநீர் வாரதுக்கு ஆறு வருசம் ஆகிப்போச்சு. வேற என்ன செய்ய?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"ஒண்ணு சொல்லணும்ண்ணே ஒங்ககிட்ட. அன்னைக்கி நீங்க மீட்டரப் பாத்துக்கிட்டு இருந்தீக. நான் கெரகம், நிப்பாட்டுங்கண்ணே நிப்பாட்டுங்கன்னு சிரிச்சேன்ல? எம் வாய்தாண்ணே. வீட்டுல கூடச் சொல்லல. இவ பல்லப் பாக்குறப்பல்லாம் அதான் நெனப்பு வரும்."

"அது உங்க பேச்சால இல்ல, செல்லப்பாண்டி," என்றேன். "மூடி. ஒரு மூடி திறக்காம இருந்துச்சு. என் தப்பு."

"அது மிசினு தப்புண்ணே. நீங்க என்ன பண்ணுவீக? தெரிஞ்ச ஒடனே வெயில்ல நடந்து வந்தீகளே. ஊரே சிரிச்சுச்சு. நின்னு பதில் சொன்னீக. எந்த ஆபீசருண்ணே அப்புடி வருவாய்ங்க? நான் இவகிட்டச் சொல்லிருக்கேன்." சிறுமியை முன்னால் தள்ளினார். "அந்தத் தாத்தா சொல்லுவேன்ல, இவருதான்."

"தண்ணி டாக்டரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் கை வாய்க்குப் போனது. பழகிய கை, கண் இமைப்பதுபோல் போனது. கை போவதற்குள் நான் எண்ணிவிட்டேன். எதையும் எண்ணுவது என் கெட்ட பழக்கம். மேல்வரிசையில் நான்கு பற்கள். நான்கிலும் பழுப்புக் கோடு.

தெரிந்த உடனே என்று அவர் சொன்னார். நான் திருத்த வேண்டிய சொல் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்குத் தெரியும் என்று சொல்ல ஐந்து விநாடி போதும். பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் ஜன்னல் பக்கம் வந்து, ஊருக்கு ஒரு நாள் வாங்கண்ணே என்றார். போன் எண்ணைச் சொன்னார். அதே எண்தான். எனக்கு அது மனப்பாடம்.

பிள்ளைகளே, ரெஃபரன்ஸின் மூடியைத் திறங்கள். மின்சாரம் போய் வந்தால் ஸ்டாண்டர்டை வையுங்கள், வாசலில் யார் நின்றாலும் வையுங்கள். இவ்வளவும் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது ஒன்று: தவறு தெரிந்த நேரத்தை முதலில் எழுதுங்கள். பேனாவால். எண்ணைவிட அந்த நேரம் முக்கியம். தவறு யாருக்கும் வரும். அது தெரிந்த நேரத்துக்கும் நீங்கள் சொன்ன நேரத்துக்கும் இடையில் இருப்பது முழுக்க உங்களுடையது. அதை எந்தக் கருவியின் தலையிலும் கட்ட முடியாது.

அந்தச் சிறுமியைப் பார்த்துவிட்டு வந்த இரவே முடிவு செய்தேன்: ஊருக்குப் போய், செல்லப்பாண்டியை உட்கார வைத்து, அவர் சிரித்ததில் ஒன்றும் இல்லை, எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் போகலாம் என்றிருந்தேன். மறுநாள் முழங்கால் வலி. அதற்கு அடுத்த நாள் மழை வரும்போல் இருந்தது. பிறகு, இதை எழுதி முடித்துவிட்டு, ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோவதுதான் முறை என்று தோன்றியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அன்று சொல்லாமல் வைத்திருந்தது மூன்று நாள். இன்றோடு பத்தொன்பது.